25 வருடத்துக்குப் பிறகு ஒரு கிட்: ரேஸ்கோர்ஸில் நின்ற ஹரிகேன்

வெள்ளவத்தை அலை | சனி, இரவு 9.40

வணக்கம். பள்ளிக்கூட நாளில் நாலைந்து பிளாஸ்டிக் விமானம் ஒட்டினேன். அதன் பிறகு 25 வருடம் தொடவே இல்லை. போன மாதம் டொரொண்டோவிலிருந்து வந்த அத்தான் 1/72 அளவில் (நிஜத்தில் 72இல் ஒரு பங்கு) ஹரிகேன் என்ற பிரித்தானியப் போர் விமானத்தை ஒட்டிச் செய்யும் கிட் ஒன்றைக் கையில் தந்து, "உனக்கு இந்த விசர் இன்னும் இருக்கும் என்று நினைத்தேன்" என்றார். இருக்கிறது. அன்றிரவு பெட்டியைத் திறந்து, ஒரு துண்டும் வெட்டாமல், துண்டுகள் கோத்திருக்கும் பிளாஸ்டிக் சட்டமான ஸ்ப்ரூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி ஒரு மணி நேரம் இருந்தேன்.

பெட்டிப் படத்தில் விமானம் இங்கிலாந்துக் கடற்கரைக்கு மேலே பறக்கிறது. எனக்கு அது வேண்டாம். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை, ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட வந்தபோது குதிரைப் பந்தயத் திடலான ரேஸ்கோர்ஸிலிருந்து ஹரிகேன்கள் எழும்பின என்று அப்பா சொல்லுவார். இப்போது அங்கே கடைகளும் ரக்பி மைதானமும். தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். அங்கே நின்ற ஒன்றைச் செய்ய வேண்டும்.

பெயின்ட் எங்கே எடுக்கிறீர்கள்? ஏர் பிரஷ் கிடையாது. வீடு கடற்பக்கத் தொடர்மாடியில் ஆறாம் மாடி, ஒரே ஒரு பல்கனி, எட்டு வயது மகள், தின்னர் மணம் ஆகாத மனைவி. இந்த வெக்கையில் இதெல்லாம் சரிவருமா?

ஸ்ப்ரூதின்னி | சனி, இரவு 10.15

அண்ணா, முதலில் கெட்ட செய்தி. பெயின்டை வெளிநாட்டிலிருந்து தபாலில் எடுக்கலாம் என்று கனவு காணாதீர்கள். எனாமல், லக்கர், ஸ்ப்ரே டின் எல்லாம் தீப்பற்றும் சாமான். விமானத் தபாலில் ஏற்ற விடமாட்டார்கள். கிட் வந்து சேரும், நிறம் வராது. நம் எல்லோர் வீட்டிலும் ஒட்டாத பெட்டி அலுமாரி நிறைய இருப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். (மீதிப் பாதி சோம்பல்.)

ஹரிகேனைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் மகளோடு ஒரு 1/144 கண்டம் (ஜப்பான் கார்ட்டூன்) ரோபோ பூட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக்கே நிறத்தோடு வருகிறது, பசை வேண்டாம், அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். ஜப்பான் கம்பெனி பண்டாய் 1980 ஜூலையில் ஆர்எக்ஸ்-78-2 என்ற முதல் கண்டம் கிட்டை 300 யென்னுக்கு விட்டபோது பசை வேண்டித்தான் இருந்தது. இன்றைக்கு ஒரு நல்ல நிப்பர் (சின்ன வெட்டி) இருந்தால் போதும். மணமும் இல்லை, வீட்டில் சண்டையும் இல்லை.

கொட்டாஞ்சேனைக் கடுகு | சனி, இரவு 10.22

அவன் கேட்டது விமானம், நீ விற்பது ரோபோ.

மச்சான் அலை, ஆறாம் மாடியில் இருந்துகொண்டு ஏர் பிரஷ் பற்றி யோசிக்காதே. அதற்கு கம்ப்ரசர் வேண்டும். நம் ஊர்க் காற்றை அமுக்கினால் குழாய்க்குள் தண்ணீர் சேரும், அதற்கு ஒரு நீர்வடி வேண்டும். வடி இல்லாவிட்டால் இறக்கையின் நடுவில் துப்பும். பிரஷ்ஷால் அடி. 1/72க்கு அது போதும்.

நான் பஞ்சிகாவத்தையில் வாகனப் பெயின்ட் சாமான் விற்கிறவன், ஆகவே சொல்கிறேன். அங்கே 1500, 2000 நம்பர் தண்ணீர் சேண்ட் பேப்பர் தாளாக எடுக்கலாம். ஹாபிக் கடையின் சின்னப் பொதியைவிடப் பல மடங்கு மலிவு. சாம்பல் பிரைமர் (அடிப்பூச்சு) டின்னும் எடுக்கலாம். ஆனால் நேரே பிளாஸ்டிக்கில் அடிக்காதே. வாகனத் தின்னர் சூடான சாமான், பொலிஸ்டைரீனைத் தின்றுவிடும்; மேற்பரப்பு வெடித்த சேறு போல ஆகும். ஒரு பாழ் ஸ்ப்ரூத் துண்டில் முதலில் அடித்துப் பார். ஓர் அடி தூரத்திலிருந்து, தூசி படிவது போல, இரண்டு மூன்று தடவை.

நிப்பரும் சாமணமும் புறக்கோட்டை 1ஆம் குறுக்குத் தெருவில் எடு. போன் திருத்துகிறவர்கள் பாவிக்கும் தட்டை வாய் வெட்டி நம் வேலைக்கு அச்சாவாகப் பொருந்தும். மீதியை மனைவியின் நகவெட்டியில் செய். கேட்டுவிட்டுச் செய்.

விலை பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டபோது நான் அழுத அழுகை போதும். அத்தான்மார் வாழ்க.

படவரைஞர் (ஓய்வு) | ஞாயிறு, காலை 6.10

தம்பி, நல்ல இடத்தைத் தேர்ந்திருக்கிறீர்கள்.

ரேஸ்கோர்ஸில் நின்றது 258ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் படையணி. 30ஆம் ஸ்குவாட்ரன் இரத்மலானையில் நின்றது. முந்திய நாளே தெற்குக் கடலில் ஜப்பான் கப்பற்படையைக் கண்டாயிற்று: கொக்கலையிலிருந்து பறந்த கட்டலினா என்ற ரோந்து விமானம், ஓட்டியவர் கனடாக்காரர் லெனார்ட் பேர்ச்சல். செய்தியை அனுப்பினார், சுட்டு வீழ்த்தப்பட்டார், சிறைப்பட்டார். அப்படியிருந்தும் மறுநாள் காலை இரத்மலானை விமானங்கள் எழும்பும்போதே எதிரி தலைக்கு மேலே நின்றான். குதிரை ஓடிய இடத்தில் ஓடுபாதை போட்டிருப்பது அவர்களுக்குத் தெரியாது. அதனால் 258க்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்தது. கொஞ்சம்தான். வந்தவை அகாகி, சொர்யு, ஹிர்யு, ஷொகாகு, சுயிகாகு என்று ஐந்து விமானந்தாங்கிகளிலிருந்து.

இனி உங்கள் கிட். 258இல் மார்க் 1, மார்க் 2பி இரண்டும் கலந்து இருந்தன. 2பி என்றால் இறக்கைக்கு ஆறு துப்பாக்கி, மார்க் 1 என்றால் நாலு. உங்கள் பெட்டி 1940 இங்கிலாந்து என்றால் அது மார்க் 1. இறக்கையில் ஒன்றும் வெட்ட வேண்டியதில்லை. மூக்குக்குக் கீழேதான் வேலை. வெப்ப நாட்டு விமானங்களுக்கு வோக்ஸ் என்ற தூசிவடி பூட்டுவார்கள், முகவாய்க்கட்டை தொங்கினாற்போல் இருக்கும். பெட்டிக்குள் உபரியாக அந்தத் துண்டு இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் தடித்த ஸ்ப்ரூத் துண்டுகள் இரண்டை ஒட்டி, ஒரு நாள் காயவிட்டு, பக்கப் படத்தை வைத்துக்கொண்டு அராவுங்கள். ஹரிகேன் இறக்கை நுனிக்கு நுனி 40 அடி. 1/72இல் ஓர் அங்குலம் ஆறு அடி. மீட்டர் வேண்டாம், பழைய அடிக்கோல் ஒன்று எடுத்துக்கொண்டால் கணக்கு மனத்திலேயே ஓடும்.

டாங்கிகளின் 1/35க்கு அப்படி ஓர் அழகான கணக்குக் கிடையாது. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் டமியா கம்பெனி தன் பந்தர் டாங்கிக்குள் மோட்டாரும் பேட்டரியும் அடங்குகிற அளவுக்கு உடலை வைத்தது. பிறகு அளந்து பார்த்தால் 1/35. உலகம் முழுவதும் இன்று பேட்டரிக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது.

என் முதல் ஹரிகேன் 1968இல். கப்பலில் வேலை செய்த மாமா கொண்டுவந்த ஏர்ஃபிக்ஸ் கம்பெனிக் கிட், அப்போது பெட்டியில் அல்ல, பொலித்தீன் பைக்குள். 1970க்குப் பிறகு 1977 வரை விளையாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வருவது அரிது. வந்த நாலைந்தையும் பத்திரமாக ஒட்டி மீன்பிடி நைலோனில் தொங்கவிட்டிருந்தேன். 1983 ஜூலைக் கலவரத்தில் வீட்டோடு போயின. மறுபடி ஆரம்பித்தது ஓய்வு பெற்ற பிறகு.

வெள்ளவத்தை அலை | ஞாயிறு, காலை 8.30

ஐயா, பெட்டிக்குள் அந்த முகவாய்க்கட்டை இல்லை. அராவுகிறேன்.

வெள்ளவத்தை அலை | அடுத்த வியாழன், இரவு 11.05

அராவியாயிற்று. உடலும் இறக்கையும் ஒட்டியாயிற்று. ஹம்ப்ரோல் கம்பெனியின் 29, 30 நம்பர் பெயின்ட் கைக்குக் கிடைக்கவில்லை. ஓவியம் வரைகிற அக்ரிலிக் ட்யூப்பில் மண்ணிறமும் கரும்பச்சையும் கலந்து, பிரைமருக்கு மேலே பிரஷ்ஷால் அடித்தேன். பெயின்ட் பிரஷ்ஷிலேயே காய்ந்து கட்டியாகிறது, எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

அதைவிடப் பெரிய சோகம். நேற்று மழை விட்ட கையோடு பல்கனியில் கிளியர் (நிறமில்லாத மேற்பூச்சு) ஸ்ப்ரே அடித்தேன். ஐந்து நிமிடத்தில் விமானம் முழுக்கப் பால் ஊற்றியது போல வெள்ளை. வெறுத்துப்போய் அப்படியே சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டேன்.

கொட்டாஞ்சேனைக் கடுகு | வியாழன், இரவு 11.20

மழை விட்ட கையோடா? மச்சான்!

ஸ்ப்ரேயில் உள்ள தின்னர் பறக்கும்போது மேற்பரப்பு குளிர்கிறது. குளிர்ந்த சோடாப் போத்தலுக்கு வெளியே வியர்க்கிறதே, அதே சங்கதி. காற்றில் உள்ள ஈரம் அதில் படியும், படை இறுகுவதற்குள் உள்ளே மாட்டிக்கொள்ளும். அதுதான் உன் பால். எங்கள் பக்கத்துக் கராஜ்களில் மழை நாளில் லக்கர் அடிக்கவே மாட்டார்கள், அல்லது மெதுவாகப் பறக்கும் தின்னர் கலப்பார்கள்.

விமானத்தை எறிந்துவிடாதே. நல்ல வெயில் நாளில், பதினொன்றுக்கும் மூன்றுக்கும் இடையில், அதே கிளியரை இன்னொரு மெல்லிய படை, கொஞ்சம் ஈரமாக அடி. புதுத் தின்னர் பழைய படையை இளக்கும், ஈரம் வெளியே போகும், வெள்ளை மறையும். முழுக்க மறையாவிட்டால் இன்னொரு தடவை. வழிய விடாதே. கதவைச் சாத்திக்கொண்டு ஏசி அறைக்குள் மட்டும் அடிக்காதே. கொரோனாத் துணி மாஸ்க் தூசிக்குத்தான், தின்னர் ஆவிக்கு அல்ல. கரி வடி உள்ள மாஸ்க் வாங்கு.

பிரஷ்ஷில் காய்வதற்குக் காரணம் மேலே சுற்றுகிறது. ஃபேனை நிறுத்து.

ஸ்ப்ரூதின்னி | வியாழன், இரவு 11.31

ஃபேனை நிறுத்தினால் வியர்வை விமானத்தில் சொட்டும். அனுபவம். அண்ணா, ஒரு தட்டையான சாப்பாட்டுப் பெட்டிக்குள் நனைத்த ஸ்பொஞ்ச், அதற்கு மேலே கேக் அடிக்குப் போடும் பேக்கிங் பேப்பர். பெயின்டை அந்தப் பேப்பரில் வைத்துக் கலக்குங்கள். மூடி வைத்தால் மறுநாளும் காயாது. ஆனால் நாலைந்து நாள் மறந்துவிட்டால் ஸ்பொஞ்சில் பூஞ்சணம் பிடிக்கும். அதுவும் அனுபவம்.

சுளகு | வெள்ளி, பிற்பகல் 2.10

ஒரு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதலாமா என்று யோசித்து இப்போது எழுதுகிறேன். நான் செய்வது விமானம் அல்ல. 1/12 அளவில், அதாவது ஓர் அடிக்கு ஓர் அங்குலம், ஊர்க் குசினி. அம்மி, ஆட்டுக்கல், சுளகு, பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி, இடியப்ப உரல். பனையோலையை நரம்போடு கீறி ஈரமாக வைத்துப் பின்னுகிறேன். நீத்துப்பெட்டி ஒன்று சுண்டுவிரல் நுனியில் நிற்கும்.

விமானம் ஏன் இல்லை என்றால், நாங்கள் கொழும்புக்கு வந்தது போர்க் காலத்தில், 95இல். அம்மாவுக்கு இன்னும் வானத்தில் சத்தம் கேட்டால் கை நின்றுவிடும். தம்பி வாங்கி வைத்திருந்த ஜெட் ஒன்றை அலுமாரிக்குள் திருப்பி வைத்தார், பிறகு ஆருக்கோ கொடுத்துவிட்டார். உங்களைக் குறை சொல்லவில்லை. இறக்கையில் எத்தனை துப்பாக்கி என்று எண்ணுகிற இடத்தில் எனக்கு வாசிப்பு நின்றுபோகிறது, அவ்வளவுதான்.

அடித்தளம் செய்யப் போகிறீர்கள் என்றால் ஒரு உதவி. உயரப் புல்லுக்குத் தும்பு பாவியுங்கள், தும்புத்தடியிலிருந்து பிடுங்கிப் பச்சை நனைத்தால் போதும். கம்பத்துக்கு ஈர்க்கு. காய்ந்த இலைச் சருகுக்கு, குடித்து முடிந்த தேயிலைத் தூள். ஆனால் தேயிலையை வெயிலில் அல்ல, அடுப்புச் சட்டியில் மொறுமொறுவென்று வறுத்துவிட்டுத்தான் வெள்ளைப் பசையில் கலக்க வேண்டும். என் முதல் வீட்டு முற்றம் மூன்றே வாரத்தில் சாம்பல் நிறப் பஞ்சு போல முளைத்தது.

படவரைஞர் (ஓய்வு) | வெள்ளி, மாலை 5.45

பிள்ளை, நீங்கள் எழுதியது நல்லது. என் மனைவி உயிரோடு இருந்தபோது அவரும் இதே காரணத்துக்காக என் மேசைப் பக்கம் வரமாட்டார். நான் அவருக்காக மொரிஸ் மைனர் ஒன்று செய்தேன். அதை மட்டும் கூடத்தில் வைக்க விட்டார்.

நீத்துப்பெட்டியின் படம் போடுங்கள்.

ரயில்பைத்தியம் | வெள்ளி, இரவு 8.00

சுளகு அக்கா போல எனக்கும் விமானம் சரிவராது. ரயில் ஆட்கள் யாராவது இருக்கிறீர்களா? ஒரு புலம்பல். நம் தண்டவாளத்தின் அகலம் 5 அடி 6 அங்குலம், 1676 மி.மீ. ஹெச்ஓ என்ற 1/87இல் அது 19 மி.மீ. தாண்டுகிறது. கடையில் கிடைக்கும் ஹெச்ஓ பாதை 16.5 மி.மீ., வெள்ளைக்காரனின் 1435 மி.மீ. தண்டவாளத்துக்கு அளந்தது. ஆகவே 1954இல் கனடா தந்த எம்2 எஞ்சினை எவ்வளவு திருத்தமாகச் செய்தாலும் ஒடுக்கமான காலில் நிற்கிறது, சாரம் கட்டிய யானை போல.

சந்தோஷமான பக்கம்: களனிவெளிப் பாதை 1990களில் அகலமாகும் வரை 2 அடி 6 அங்குலம். 762ஐ 87ஆல் வகுத்தால் 8.76. சின்ன 'என்' (N) அளவுப் பாதை 9 மி.மீ.! நுகேகொடையில் வீடுகளின் பின்கதவை உரசிக்கொண்டு போன அந்தக் குட்டி ரயிலை, கடையில் வாங்கிய பாதையிலேயே ஓட்டலாம். பெட்டிகளைக் கல்யாணக் கார்ட் மட்டையில் வெட்டிக்கொண்டிருக்கிறேன். கொழும்புத் தமிழனின் வீட்டில் கல்யாணக் கார்டுக்கு என்ன பஞ்சம்.

பாடுமீன் | வெள்ளி, இரவு 8.40

ஈஸ்டர் ஞாயிறோடு கதை முடியவில்லை. ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலையை அடித்துவிட்டு எங்கள் மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் என்ற பிரித்தானியக் கப்பலைத் தாழ்த்தினார்கள். விமானந்தாங்கி என்றே திட்டமிட்டு வரையப்பட்ட உலகின் முதல் கப்பல் அது. அஒஷிமா என்ற ஜப்பான் கம்பெனி 1/700இல் கிட் விட்டிருக்கிறது. 600 அடிக் கப்பல் 26 செ.மீ. நீளத்தில் மேசையில் நிற்கும். என்னிடம் வந்த பார்சல் ஒரு கூரியரின் கையில் பாய் மாதிரித் தட்டையாகி வந்தது. கொடிமரம் மூன்று துண்டு. ஸ்ப்ரூவை மெழுகுதிரி மேலே காட்டி, இளகியவுடன் இரு பக்கமும் இழுத்து, தலைமயிர் போல வந்ததில் புதுக் கொடிமரம் செய்தேன். முந்தியதைவிட வடிவு.

ஸ்ப்ரூதின்னி | சனி, காலை 10.05

அலை அண்ணா, டீகல் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னம்) ஒட்டுவதற்கு முன் ஒரு விஷயம். ஆசியாவில் பறந்த பிரித்தானிய விமானங்களின் வட்டச் சின்னத்தில் சிவப்பு நடுப்புள்ளி இருக்காது, நீலமும் வெள்ளையும் மட்டும். ஜப்பான் சூரியனோடு குழம்பக் கூடாது என்று எடுத்துவிட்டார்கள். நடுவில் வெள்ளை தொட்டுவிடுங்கள்.

படவரைஞர் (ஓய்வு) | சனி, காலை 10.50

காரணம் சரி, காலம் பிழை. அந்த மாற்றம் இந்தச் சண்டைக்குப் பிறகு. 1942 ஏப்ரலில் ரேஸ்கோர்ஸில் நின்றவற்றில் சிவப்பு இருந்தது. தொடாதீர்கள். ஒரு வருடம் தள்ளிச் செய்வதானால் தம்பி சொல்வது சரி.

ஸ்ப்ரூதின்னி | சனி, காலை 10.58

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. கண்டத்தில் இந்தத் தொல்லை இல்லை.

வெள்ளவத்தை அலை | சனி, இரவு 9.15

கடுகு, நீ சொன்னபடி பன்னிரண்டு மணி வெயிலில் அடித்தேன். பால் போய்விட்டது! வால் பக்கம் மட்டும் லேசான மங்கல். கடற்காற்றுப் பட்டது என்று சொல்லிக்கொள்கிறேன்.

டீகல் தாள் மஞ்சளாக இருந்தது, அத்தானின் அலுமாரியில் பல வருடம் கிடந்திருக்கும். ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டி நாலு நாள் வெயில் காட்டினேன், வெளுத்தது. ஆனால் முதலாவதைத் தண்ணீரில் போட்டவுடன் மூன்றாக உடைந்தது.

படவரைஞர் (ஓய்வு) | சனி, இரவு 9.40

மீதியைத் தண்ணீரில் போடுவதற்கு முன், தாள் முழுவதற்கும் பளபளப்புக் கிளியர் மெல்லியதாக ஒரு படை. காய்ந்த பிறகு ஒவ்வொன்றாக, ஓரத்தை ஒட்டி வெட்டுங்கள். விமானத்தின் மேற்பரப்பும் பளபளப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பில் ஒட்டினால் அடியில் காற்று நின்று வெள்ளி போல மினுங்கும். குசினி வினாகிரியில் ஒரு துளி தொட்டால் கொஞ்சம் இளகிப் படியும். மங்கல் கிளியர் எல்லாவற்றுக்கும் கடைசியில்.

விமானி இருக்கைக்கு மேலே வரும் கண்ணாடிக்கு சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம். அதன் ஆவி கண்ணாடியைப் பனி மூடியது போல ஆக்கிவிடும். தச்சர் பாவிக்கும் வெள்ளைப் பசை, ஊசி முனையால்.

வெள்ளவத்தை அலை | அடுத்த ஞாயிறு, மாலை 4.20

சின்னங்கள் ஒட்டியாயிற்று, சிவப்புப் புள்ளியோடு. கண்ணாடி தெளிவாக இருக்கிறது. தும்புப் புல் நட்டாயிற்று. தேயிலையை மகள் வறுத்தாள். வீடு முழுக்கக் கருகல் மணம், அதற்கு மட்டும் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சுளகு அக்கா, மகள் உங்கள் நீத்துப்பெட்டிப் படத்தைப் பார்த்துவிட்டு விமானத்துக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை வேண்டும் என்கிறாள். 1/72இல் பின்ன முடியுமா?

ஒரே ஒரு குறை. புரொபெல்லரின் மூன்று இதழில் ஒன்று சாமணத்திலிருந்து தெறித்தது. ஒரு மணி நேரமாகத் தரையில் தவழ்கிறேன்.

சுளகு | ஞாயிறு, மாலை 4.45

1/72இல் பின்ன முடியாது, கண் போய்விடும். ஓலைக்குப் பதில் மஸ்கிங் டேப்பில் கோடு கீறச் சொல்லுங்கள். அவளையே செய்யச் சொல்லுங்கள், சின்னக் கை நல்லது.

கொட்டாஞ்சேனைக் கடுகு | ஞாயிறு, மாலை 4.47

கட்டிலுக்கு அடியில் பார்த்தாயா? தும்புத்தடியால் கூட்டாதே, அதற்குள் போனால் கிடைக்காது. பழைய ஸ்டொக்கிங்ஸ் ஒன்றை வாக்குவம் குழாய் வாயில் கட்டி இழு.

வெள்ளவத்தை அலை | ஞாயிறு, மாலை 5.30

இழுத்தேன். இதழ் வரவில்லை. 25 வருடத்துக்கு முந்தியது போல இருக்கும் ஒரு தோடு வந்தது, மாமியாருடையதாம்.

படவரைஞர் (ஓய்வு) | ஞாயிறு, மாலை 5.52

இருக்கும் இதழ் ஒன்றைக் கடதாசியில் வைத்துச் சுற்றி வரைந்து படம் அனுப்புங்கள், பக்கத்தில் அடிக்கோலோடு. ஸ்ப்ரூவில் ஒன்று அராவித் தருகிறேன். பம்பலப்பிட்டிக்கு வரும் வேலை இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளலாம்.